கோலாக்குட்டி பாட்டு

பழைய பாட்டுகளைப் புதுப் பாணியில் பாடும் நிகழ்ச்சிக்கு, மெல்போர்ன் வானொலி நிலையத்துக்குத் தாமதமாக வந்ததால், முரட்டு ராக் பாடகன் ரேஸருக்கு மற்ற குழுக்கள் எடுத்தது போக மிஞ்சியது, நாடறிந்த ‘கோலாக்குட்டி’ பாட்டுதான்.

“பாப்பா பாட்டா? என் ரசிகருங்க காறித் துப்புவாங்க!” கூண்டுப்புலியாக உலாத்தினான்.

“நேரலை தலைவா, அடம்பிடிக்காதே. இந்தா வரிகள்,” என்றாள் அறிவிப்பாளர் மெரடித்.

“தேவையில்ல!”

கண்ணை மூடிக்கொண்டு கர்ஜித்தான். ‘புரட்சி! கலகம்!’ என்று நேயர்களின் குறுஞ்செய்திகள் குவிந்தன. ரேஸர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

“கடைசியா ஒரு நேயர். பாட்டு எப்படிங்க இருந்துச்சு?”

“சுமார்தான்” என்றது ஒரு பெண்குரல். “நெவில் கண்ணா, ஆறு வயசுல ரெக்கார்டுக்கு நீ பாடினதுதான்டா அழகு!”

“அம்மா, போனை வை!”

பதற்றத்தில் கீச்சிட்ட அவன் குரல், அசல் இசைத்தட்டில் கேட்பது போலவே இருந்தது.