எட்டாவது டேக்

ஏழாவது டேக்கும் பாழ்.

"கட்" என்று கத்திய டைரக்டர், தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். காலையிலிருந்து அந்தத் தொப்பி படும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

எடுப்பது நையாண்டிப் படம். நாட்டையே ஆட்டிவைக்கும் ஐந்து பெரிய மனிதர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை காட்டு பங்களாவில் ரகசியமாகக் கூடுவார்கள். வாசலிலேயே எல்லோர் போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே சோபாவில் சாய்ந்துகொண்டு ஏழைகளுக்காக உருகுவார்கள். பக்கத்திலேயே ஒரு வயதான வெயிட்டர் மண்டி போட்டுத் தட்டை ஏந்திக்கொண்டிருப்பார். அவரை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

படத்தின் உயிரே இந்த ஷாட்தான் என்று டைரக்டர் பேட்டிக்குப் பேட்டி சொல்லி வைத்திருந்தார்.

நாலு பேர் ஒழுங்காகத்தான் நடித்தார்கள். சொதப்பியது ஐந்தாவது ஆள், தொழிலதிபர் வேஷக்காரர். பன்னிரண்டு வருஷம் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவருக்கு இப்போதுதான் முதல் வசனம். அவர் மனைவி தெரு முழுக்கச் சொல்லி முடித்தாயிற்று.

வசனமெல்லாம் பிசகவில்லை. ஆனால் கிளாஸை எடுக்கும்போது வெயிட்டரின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிடுகிறார். மூன்றாவது டேக்கில் தேங்க்ஸ் என்றார். ஐந்தாவதில் தட்டு ஆடுகிறதே என்று தானே பிடித்துக்கொண்டார். இந்த முறை, "பாத்து, பாத்து" என்றே சொல்லிவிட்டார்.

இருந்த இடம் மாறினால் கன்டின்யுட்டி போய்விடும், யாரும் அசையக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, டைரக்டர் விறுவிறுவென்று வந்தார். வெயிட்டர் மண்டி போட்டபடியே இருந்தார்.

"ஏங்க, நீங்க பெரிய மனுஷன். உங்க கண்ணுக்கு அவர் ஒரு ஆளே இல்ல. எத்தன தடவ சொல்றது?"

"மன்னிச்சிடுங்க சார். அவருக்கு முட்டி வலி. தட்டு நடுங்குறதைப் பாத்தா கை தானாப் போயிடுது."

டைரக்டருக்குத் தலை சுற்றியது. மனுஷனை மனுஷனாக மதிக்காத கும்பலைக் கிழிக்கத்தான் இந்தப் படம் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தத் திமிர் கண்ணில் தெரிய வேண்டும் என்றார். கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி, தட்டிலிருந்த ஜூஸை எடுத்து மடமடவென்று குடித்தார். காலி கிளாஸைத் தட்டில் போட்டார், அது சாய்ந்து உருண்டது. வெயிட்டரின் தோளில் கிடந்த துண்டை உருவி வாயைத் துடைத்துவிட்டு, அதே தோளில் எறிந்தார்.

"இன்னும் ஒரே ஒரு டேக். அதுலயும் வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன். புரிஞ்சுதா?"

தொழிலதிபர் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்பப் புரிஞ்சிடுச்சு சார். நீங்க செஞ்ச மாதிரியே செஞ்சிடறேன்."