ஒரு விரல் போதும்

கணினி முன்னால் மகன். அவன் தோளுக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா. அப்பாவின் இரும்புக் கட்டிலில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தங்கை.

அப்பா போன பிறகும் அந்தக் கட்டிலை யாரும் கழற்றவில்லை. பக்கக் கம்பியில் பழைய துண்டு ஒன்று இறுக்கிச் சுற்றியிருந்தது. அம்மா போட்ட முடிச்சு. அதையும் யாரும் அவிழ்க்கவில்லை.

வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன், கடைசி மூன்று வருஷம் ஒரு வார்த்தை இல்லாமல் அதில்தான் கிடந்தார்.

காலையில் சித்தி தொலைபேசியில் அழுதிருந்தாள். சித்தப்பாவுக்கும் அதே பக்கவாதம். அண்ணனைப் போலவே பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு விரல்தான் அசைகிறது.

“உன் பையன்கிட்ட, கம்ப்யூட்டர்ல ஏதாவது வழி இருக்கான்னு கேளேன்க்கா.”

அவன் லினக்ஸ்காரன்; காசு கொடுத்து எந்த மென்பொருளும் வாங்காதவன். உலகத்தில் உள்ள நிரலெல்லாம் ஒரே களஞ்சியத்தில் இலவசமாகக் கிடக்கிறது, தலைப்பைச் சொல்லித் தேடினால் போதும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பான்.

‘மருத்துவம்’ என்று தேடினான். எக்ஸ்ரே பார்க்க ஒன்று, மரபணுவை அலச ஏகப்பட்டது, ஆஸ்பத்திரிக்கு பில் போட ஒன்று.

“பில்லு போட அவங்களுக்குச் சொல்லியா தரணும்?” என்றாள் தங்கை.

‘பேச்சு’ என்று தேடினான். எழுதியதை வாசித்துக் காட்டும் நிரல்கள் வரிசைகட்டி வந்தன. எழுதவே முடியாதவருக்கு அவை எதற்கு?

பிறகுதான் ஓரத்தில் இருந்த தலைப்புகளைப் பார்த்தான். விளையாட்டு, இசை, படம். அதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அடியில் ‘உடல் இயலாதோருக்கு’ என்று ஒன்று இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதைத் திறந்ததில்லை.

திறந்தான். எடுத்த எடுப்பிலேயே இருந்தது.

‘திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது ஒரு தட்டு. ஒரு விரல் அசைந்தால் போதும்.’

“இது எப்ப வந்ததுடா?” என்று அம்மா கேட்டாள்.

முதல் வெளியீட்டின் தேதி கீழே இருந்தது. அப்பா விழுவதற்கு முந்தைய வருஷம்.

“புதுசும்மா. இப்பத்தான் போட்டிருக்காங்க.” சொல்லிக்கொண்டே தேதி மறையும்படி பக்கத்தை நகர்த்திவிட்டான்.

அம்மா அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிரலை நிறுவித் தமிழ் எழுத்துகளை ஏற்றினான். தங்கை எழுந்து வந்து ஒற்றை விரலால் தட்டிப் பார்த்தாள். டக். கொஞ்சம் பொறுத்து, டக். மறுபடி, டக்.

“பாரு, தண்ணி கேட்டுட்டேன்!”

அம்மா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். “போதும். நிறுத்துடி.”

அவன் நிரலை ஒரு பென்டிரைவில் ஏற்றினான். சித்திக்குப் புரியும்படி, எதை முதலில் அழுத்துவது, எதைப் பிறகு அழுத்துவது என்று எண் போட்டு, ஒரு கடிதமும் எழுதி முடித்தான். கூரியர் கடை மூடுவதற்குள் போக வேண்டும் என்று தங்கை செருப்போடு நின்றாள்.

“இரு. நான் ஒரு வரி எழுதணும்.” அம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள்.

ஒரு வரிக்கு நெடுநேரம் ஆயிற்று. அவள் கொடுத்ததும் அவன் வாசித்தான்.

‘ராத்திரியில் அவர் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தால், தூக்கம் கெடுகிறதென்று துணியைச் சுற்றிவிடாதே.’

கடிதத்தை மடித்தான். உறையிலிட்டு, ஓரங்களை விரலால் அழுத்தி ஒட்டி, தங்கையிடம் கொடுத்தான்.