வாசல் மரத்து ஆர்க்கிட்

ஆர்க்கிட் பிரியர் சங்கத் தலைவருக்கு ஒரு மேடை கிடைத்தால் போதும். காட்டுச் செடி காட்டிலேயே இருக்கட்டும், ஆசைக்குப் பிடுங்காதீர்கள் என்று கண் கலங்கப் பேசுவார். பேசி முடித்து வீட்டுக்கு வந்ததும், மலைக்காட்டு மரமொன்றிலிருந்து பட்டையோடு பெயர்த்து வந்த ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் தெளிப்பார்.

காசு கொடுத்தாலும் கிடைக்காத ரகம் அது. வெள்ளைப் பூ, நடுவில் ஊதா நாக்கு. கொல்லைப்புறக் கொட்டகையில், கடையில் வாங்கிய செடிகளுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். பிடிபட்டால் ஜெயில். தலைவர் பதவியும் போய்விடும். அவருக்கு இரண்டாவதுதான் பெரிய பயம்.

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம் மனைவி வந்து சொன்னாள். "என்னங்க, வனத்துறை ஆபீஸ்லேருந்து போன். அதிகாரி கிளம்பிட்டாராம். நேர்ல வந்து பார்க்கணுமாம்."

தலைவர் அவசரமாக வாயைக் கொப்பளித்தார். எந்தப் பாவி போட்டுக்கொடுத்தான்? துணைத் தலைவன்தான். பதவி மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

எங்கே ஒளிப்பது? கட்டிலுக்கடியில் வைத்தால் வாடிவிடும். பக்கத்து வீட்டில் கொடுத்தால் தெருவே பேசும். ஜன்னல் வழியாக வாசல் மரம் கண்ணில் பட்டதும் அவருக்கு உயிர் வந்தது. மரத்தில் வளர்வதை மரத்தில் வைத்தால் யாருக்கு என்ன தெரியப்போகிறது?

ஏணி போட்டு ஏறினார். கிளை பிரியும் இடத்தில் பட்டையோடு செருகி, சுற்றிலும் பாசியை அப்பினார். இறங்கி ஏணியை மறைத்துவிட்டுச் சட்டையை உதறும்போது ஜீப் வந்து நின்றது.

அதிகாரி வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மரத்தடிக்குப் போய் அண்ணாந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தப் பூ இங்கே எப்படி சார்? யாராவது கொண்டுவந்து வச்சதா?"

தலைவருக்கு மேடைப் பழக்கம் கைகொடுத்தது.

"வைக்கிறதாவது! தானா வந்தது சார்."

ஆர்க்கிட் விதை தூசியைவிடப் பொடி, காற்று கொண்டுபோய் விட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்றார். விதைக்குள் சாப்பாடு கிடையாது, அங்கே ஒரு பூஞ்சை இருந்து ஊட்டினால்தான் முளைக்கும் என்றார். வேர் வெளியே தொங்கி மழையையும் பனியையும் குடிக்குமே தவிர மரத்திடமிருந்து ஒரு சொட்டு எடுக்காது, வெறும் குடித்தனம்தான், திருட்டு இல்லை என்றார். கடைசி வார்த்தையில் மட்டும் லேசாக இருமினார்.

அதிகாரி ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தார். "பத்திரமா எடுத்து வேற மரத்துல வச்சா?"

எடுத்துக்கொண்டு போய்விடுவானோ என்று தலைவர் பதறினார். "செத்துப்போயிடும் சார். இந்த மரம் இருந்தாத்தான் இது இருக்கும். நான் எழுதியே தர்றேன்."

அதிகாரி நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தப்பித்தோம் என்று தலைவர் பெருமூச்சு விட்டார்.

"ரொம்ப நன்றி சார். இனிமே இது எங்க பாதுகாப்புல இருக்கிற மரம். யார் கை வச்சாலும் உள்ளே தள்ளிடுவோம், நீங்களா இருந்தாலும் சரி" என்றபடி ஜீப்பில் ஏறிய அதிகாரி, தலையை வெளியே நீட்டிச் சொன்னார்:

"கார் ஷெட் கட்ட இந்த மரத்தை வெட்டணும்னு போன வருஷம் அனுமதி கேட்டிருந்தீங்களே, அதை விசாரிக்கத்தான் வந்தேன்."