பத்ரிக்கு ஒரு சர்ஜ் டேங்க்

“ஸ்ரீரங்கன் சார், ஒண்ணு உங்க பையனை நீங்க அடக்குங்கோ. இல்லேன்னா நான் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துடுவேன்.”

காலங்கார்த்தாலே வாசலில் நின்று கத்தினார் காலனி செயலாளர் தோத்தாத்ரி. மனிதருக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

“நேத்து விடியக்காலம் வாக்கிங் போயிண்டிருக்கேன். உங்காத்து மஞ்சள் கார் தெருமுனையில திரும்பின வேகத்துல, நான் பயந்து எதிராத்து மதில் மேல ஏறிட்டேன்! மனுஷன் உயிருக்கு மதிப்பே இல்லையா?”

உள்ளே பல் தேய்த்துக்கொண்டிருந்த பத்ரி திகைத்தான். நேற்று விடியற்காலை அவன் போர்வைக்குள் இருந்தான். காரைத் தொடக்கூட இல்லை.

அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். எப்படிச் சொல்வான்? பழைய சின்னக் காருக்கு டர்போ, பெரிய பெட்ரோல் பம்ப், அண்டா சைஸில் சைலன்சர் எல்லாம் மாட்டி, கார் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘வளைவில் எனக்கு பிரேக் பிடிக்கவே பிடிக்காது’ என்று பீற்றிக்கொள்கிறவன் அவன். நிஜத்தில் ஸ்பீட் பிரேக்கரைக் கண்டால் நின்று, நிதானித்து, மனசுக்குள் கும்பிட்டுவிட்டு ஏறுகிற ஜாதி. ஜிஎஸ்டி ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரன்கூட அவனைத் திட்டிவிட்டுத்தான் முந்துவான்.

அப்பேர்ப்பட்டவனை முதல்முறையாக ஒருத்தர் வேகக்காரன் என்கிறார். கிழவர் எதையோ பார்த்து மிரண்டிருக்கிறார். அதற்காக, தேடி வந்த பெருமையை விட்டுவிட முடியுமா?

வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே வந்தான்.

“ஸாரி மாமா. டர்போ வண்டி பாருங்கோ, கொஞ்சம் அழுத்தினாலே பறந்துடறது.”

“கேட்டேளா? வெக்கமில்லாம சொல்றான்!” என்று குதித்தார் அப்பா ஸ்ரீரங்கன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். “நாப்பதுக்கு மேல போறவன் மனுஷனே இல்லைன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். தோத்தாத்ரி, இந்த மாசத்துக்குள்ள அந்த வண்டியை வித்துடறேன். இது என் வாக்கு.”

தோத்தாத்ரி சமாதானமாகிப் போனார். பத்ரி வாசலில் நின்ற காரைப் பார்த்தான். மூன்று வருஷமாகக் குழந்தை மாதிரி இழைத்த வண்டி. நான் நாற்பதைத் தாண்டியதே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வண்டி தப்பும். ஆனால் மானம் போகும். யோசித்துப் பார்த்தான். வண்டியே போகட்டும் என்று தோன்றியது.

“விக்கறதுக்கு முன்னாடி குறை இருந்தா சரி பண்ணிடணும்டா. வாங்கறவன் ஏமாறப்படாது,” என்று ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மெக்கானிக் ஷெட்டுக்குக் கூடவே வந்தார். நேர்மையானவர்.

சேலையூர் பக்கம் இருந்தது அசாரின் ஷெட். குழுவில் எல்லோரும் சர்ஜ் டேங்க் போட்டாகிவிட்டது. விற்பதற்கு முன் ஒரு நாளாவது தானும் போட்டுவிட வேண்டும் என்று பத்ரிக்கு ஆசை.

“பாய், ஒரு சர்ஜ் டேங்க் போடணும்.”

“எதுக்கு சார்? வண்டி திக்குதா?”

“ம்... திக்குது.”

“எப்போ? பெட்ரோல் கம்மியா கீறப்போ வேகமா வளைச்சீங்கன்னா, பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கிக்கும். பம்ப்பு காத்தை உறிஞ்சும். வண்டி முக்கும். அதுக்குத்தான் நடுவுல அந்தக் குட்டி டேங்கு, எப்பவும் நெறஞ்சு நிக்கறதுக்கு. நேரா போறவங்களுக்கு அது இன்னாத்துக்கு?”

“எப்பவுமே திக்குது பாய்.”

“எப்பவுமேன்னா அது ஃபில்டர்.”

“ஸ்பீட் பிரேக்கர்ல...”

“ஸ்பீட் பிரேக்கர்ல எல்லா வண்டியுந்தான் திக்கும்.”

“ரைட்ல திரும்பறப்ப! ஆமா, ரைட்லதான். கேம்ப் ரோட்டுல.”

“கேம்ப் ரோட்டுல சைக்கிளே திரும்ப முடியல சார்.”

அசார் அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு போய் ஒரு சுற்று ஓட்டி வந்தார்.

“ரைட்ல நல்லா வளைச்சுப் பாத்துட்டேன். சும்மா கின்னுனு கீது. நீங்க ஓட்டற ஓட்டுக்கு அரை டேங்க் பெட்ரோல் வெச்சிருந்தாலே போதும். சர்ஜ் டேங்க் வேணாம் சார்.”

‘நீங்க ஓட்டற ஓட்டுக்கு’ என்ற இடத்தில் பத்ரியின் முகம் சுருங்கிப்போனது. ஷெட்டில் இருந்த இரண்டு பேர் வேறு சிரித்தார்கள்.

அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஸ்ரீரங்கன், பொறுக்கமாட்டாமல் எழுந்தார்.

“அவன்கிட்ட போய் என்னத்தைக் கேக்கறேள் பாய்? அவனுக்கு என்ன தெரியும்! ரைட்ல ஒண்ணுமே கிடையாது, லெஃப்ட்லதான். கால் டேங்குக்குக் கீழ இறங்கிடுத்துன்னா, கோயில்ல விடியக்காலம் விஸ்வரூப சேவைக்கு நாழியாயிடுத்தேன்னு அகரம்தென் வளைவுல ஒரு தொண்ணூறுல ஒடிக்கறேன்னு வைங்கோ, அப்ப மட்டும் கொஞ்சம் மூச்சு திணறறது. பெரிசாவே ஒண்ணு போட்டுடுங்கோ!”

பத்ரி வாயைப் பிளந்தான்.

“அப்பா... வண்டியை விக்கறதா வாக்குக் கொடுத்தியே?”

“விக்கறதாவது, கிக்கறதாவது! தோத்தாத்ரியை வாக்கிங் போற நேரத்தை மாத்திக்கச் சொல்லிடலாம்.”