மரத்தில் ஒற்றை சாக்ஸ்

பெனிட்டா பிறந்த வருஷம் போட்ட குட்டிச் சிவப்பு சாக்ஸ் ஜோடியை அவள் அம்மா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மரத்தில் மாட்டுவாள். பெனிட்டா கல்யாணமாகிப் போனதிலிருந்து ஒன்றுதான் தொங்கியது.

"உன் ஜோடி தொலைஞ்சு மூணு வருஷமாச்சு. இன்னும் வாசலையே பார்க்கிறியே!" என்றது பக்கத்துக் கண்ணாடிப் பந்து.

"வரும்" என்றது சாக்ஸ். குரலில் அவ்வளவு தெம்பில்லை.

அந்தக் கிறிஸ்மஸுக்குப் பெனிட்டா கைக்குழந்தையோடு வந்தாள். வந்ததும் மரத்திலிருந்து சாக்ஸைக் கழற்றினாள்.

"ஐயோ, உன்னையும் தூக்கிப் போடப்போறா!" என்று பதறியது பந்து.

பெனிட்டா அதைக் குழந்தையின் இடது காலில் மாட்டினாள். வலது காலில் அதன் ஜோடி ஏற்கெனவே இருந்தது.

"எங்கே போயிருந்தே?" என்று கேட்டது இடது கால் சாக்ஸ்.

"அவ வீட்டு மரத்துல தனியா தொங்கிக்கிட்டிருந்தேன். உன் ஜோடி தொலைஞ்சு போச்சுன்னு அங்கேயும் ஒரு பந்து சொல்லிக்கிட்டே இருந்துச்சு."