பதிவேட்டில் இருபத்துமூன்று பேர்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: பணி ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், அவர் மனைவி, மனைவியின் தம்பியான இன்சூரன்ஸ்காரர், எட்டு மாதம் கழித்து வாசல்படி மிதித்த மகள். ஐந்தாவதாகவும் ஒரு நாற்காலி போட்டிருந்தது. யாருக்கு என்று சொல்லாமல், ஸ்டேஷன் மாஸ்டரே அதை இரண்டு முறை துடைத்து வைத்திருந்தார்.

மகள் உள்ளே வந்ததும் அவர் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வாடகைக் கார் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

“அவரு வரலியா?”

“யாருப்பா?”

அவர் முதலில் உட்காரச் சொன்னார்.

மகள் பிசியோதெரபிஸ்ட். உலக வரைபடத்தில் விரல் வைத்தால் மறைந்துபோகிற ஓர் ஆப்பிரிக்க நாட்டின் கால்பந்து அணியில் அவளுக்கு வேலை கிடைத்தது. ‘தேசிய அணி’ என்ற இரண்டு சொல்லே ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போதுமானதாக இருந்தது. மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல், தலை நிமிர்ந்து தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அவள் போன இரண்டாம் வாரமே மச்சினர் ஒரு செய்தியோடு வந்தார். தங்குகிற இடம் எப்படி என்று போனில் கேட்டாராம். ஆட்டக்காரர்களோடு ஒரே அறை, பொழுது போவதே தெரியவில்லை என்று அவள் சிரித்தாளாம். அந்தச் சிரிப்பு இரண்டு தெரு தாண்டுவதற்குள் ஓர் ஆட்டக்காரனோடு கல்யாணமாகிவிட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் அன்றே போனை எடுத்தார். குடும்பத்தின் பெயரைத் தெருவில் போட்டுவிட்டாய், இனி இந்த வீட்டோடு உனக்குப் பேச்சில்லை என்றார். “அப்பா, ஒரே ஒரு நிமிஷம் கேளுங்க” என்றாள் மகள். ஓடிவருகிற பயணிக்காக எத்தனையோ வண்டிகளை ஒரு நிமிஷம் பிடித்து வைத்தவர், அவளுக்கு அதைக் கொடுக்கவில்லை. அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று மனைவிக்கும் உத்தரவு போட்டார்.

மூன்றாம் மாதம், அவராகவே மொட்டை மாடிக்குப் போய், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, அந்த நாட்டு ஆட்டங்களைக் கைபேசியில் பார்க்கத் தொடங்கினார். எவன் மருமகன் என்று தெரிய வேண்டாமா? ரயில் வருகைப் பதிவேடு மாதிரி கோடு போட்டு, இருபத்துமூன்று பேரையும் எழுதினார். பெயர்கள் வாயில் நுழையாததால் தாமே பட்டப்பெயர் வைத்துக்கொண்டார். கோல்கீப்பர் ‘கொக்கு’. பந்து தாண்டிப் போன பிறகே கிளம்புகிற பதினேழாம் நம்பர் ‘லேட் பாசஞ்சர்’. நடுவரிடம் மல்லுக்கு நிற்கிற ஆறாம் நம்பர் ‘வக்கீல்’; அவனுக்கு நேரே சிவப்பு மையில் ‘வேண்டவே வேண்டாம்’.

ஆறு கோல் வாங்கித் தோற்ற அன்று, கொக்கு கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து அழுதான். மூன்றாம் நம்பர் தன் காலே நொண்ட நொண்டப் போய், அவனைத் தூக்கி அணைத்து அழைத்துப் போனான். ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ‘இவனாக இருந்தால் நிம்மதி’ என்று பென்சிலில் எழுதினார்.

ஒன்றுதான் அவரை உறுத்தியது. எவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாலும், மருந்துப் பையோடு ஓடிவந்தவர் ஒரு வழுக்கைத் தலையர். ஒன்பது ஆட்டங்களில் மகள் ஒரு தரம்கூடத் திரையில் வரவில்லை. அப்பா பார்த்துவிடுவாரோ என்று ஒளிகிறாள். பெற்ற பிள்ளையை ஒளிய வைத்த பாவி நான் என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ‘அவளை வரச் சொல்’ என்ற மூன்று சொல்லை மனைவியிடம் சொல்ல, வீம்பு இன்னும் ஒரு மாதம் விடவில்லை.

இப்போது பதிவேட்டைக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தார். நின்றபடியேதான் பேசினார்.

“நான் அன்னிக்குப் பேசினது தப்பும்மா. இருபத்துமூணு பேரையும் பாத்துட்டேன். அந்த வக்கீலைத் தவிர யாரா இருந்தாலும் எனக்குச் சம்மதம். மூணாம் நம்பரா இருந்தா ரொம்பச் சந்தோஷம்.”

“லேட் பாசஞ்சரா இருந்தா, கல்யாணத்துக்காவது நேரத்துக்கு வந்தாரான்னு கேளுங்க அத்தான்” என்றார் மச்சினர். ஒருவரும் சிரிக்கவில்லை.

மகள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாம் அப்பாவின் கையெழுத்து. தேதி, கிழமை, ஆட்டம் தொடங்கிய நிமிஷம் வரை இருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இவங்கள்ல நாலஞ்சு பேரை டிவியில பாத்திருக்கேன். நேர்ல ஒருத்தரையும் தெரியாதுப்பா.”

பயப்பட வேண்டாம், இனி ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டேன் என்றார் அவர். ஒரே அறையில் இருந்துவிட்டுத் தெரியாது என்றால் எப்படி என்று மச்சினர் இழுத்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

“நீங்கதானே அந்தப் பேச்சை எடுக்கக் கூடாதுன்னீங்க” என்றாள் அவள், நிதானமாக.

மகள் பதிவேட்டை மூடி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குக் கல்யாணமெல்லாம் ஆகலப்பா. நான் வேலை பாக்கறது பொம்பளைங்க டீம்ல.”