படத்துக்குப் பின்னால் ஒரு பட்டன்

சுனாமி வந்து ஆறு கிழமை, ஒன்றரை மாதம். கல்முனையில் ஒரு கம்பியூட்டர் கடையில், காணாமல் போனவர்களின் படங்களைத் தான் போட்டிருந்த இணையப் பக்கத்தோடு ஸுஹைறா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ‘இவரைக் கண்டேன்’ என்ற பட்டன் புதிய பிரவுசரில் படத்துக்குக் கீழே நின்றது. பழையதில் படத்துக்குப் பின்னால் மறைந்துபோனது.

“இதுவரைக்கும் ஒரு தகவலும் வரல்ல. விடு புள்ள,” என்றார் கடைக்கார ஜௌபர் காக்கா.

“வெளியில கனபேர்ட்ட பழைய பிரவுசர்தான் காக்கா.”

கண் எரிய எரிய இருந்து, அஸர் தொழுகைக்கு முன் சரிசெய்தாள்.

மறுநாள் காலை முதல் தகவல் வந்தது.

“இந்தப் படத்தில இரிக்கிறது நான்தான். கால் முறிஞ்சு அம்பாறைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில கிடக்கன். மூணு கிழமையா இங்க உள்ள பழைய கம்பியூட்டர்ல இதப் பார்க்கன், அமத்த ஒரு பட்டனையும் காணல்ல. என்ட படத்தப் போட்டது ஆர்? எங்கட ஆக்கள் ஆரும் மிஞ்சி இரிக்காங்களா?”

ஸுஹைறா அழுதுகொண்டே பதில் அடித்தாள்.

“நான்தான் வாப்பா.”